விற்பதற்காகக் கட்டாத வீடு

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏறினால் ஓட்டமாவடிப் பாலத்தில் கண்விழிக்கலாம். ஏறாவூரில் ஸுப்ஹுத் தொழுகை முடிந்து வருபவர்கள் தேநீர்க் கடைகளின் முன்னால் நிற்பார்கள். மட்டக்களப்பு நகரைக் கடந்து கல்லடியில் பஸ் ஏறியதும் வாவிக் காற்று முகத்தில் படும். 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் நாம் போக, பக்கத்திலே பழைய இரும்புப் பாலம் வயோதிபரைப் போல ஒதுங்கி நிற்கும். அப்புறம் நொச்சிமுனை, நாவற்குடா... வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் வரிசை கட்டத் தொடங்கினால் காத்தான்குடி வந்துவிட்டது என்று அர்த்தம்.

பிறந்த ஊருக்கு வருவதென்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் மனம் பூரிக்காது? ஆனால் சென்ற பாடசாலை விடுமுறையில் நானும் கணவரும் ஊருக்கு வந்தது உறவு பார்க்க மட்டுமல்ல. எங்கள் மகளுக்குப் பதினேழு வயதாகிறது. அவளுக்கென்று ஊரில் ஒரு வீடு கட்ட வேண்டும். அதற்கு நாள் பார்த்து அத்திவார வேலையைப் பேசி முடிக்க வேண்டும் என்றுதான் வந்தோம். மூன்று நாட்கள் தங்கினோம். கொண்டுவந்த வீட்டுப் படத்தை அப்படியே சுருட்டித் திரும்பக் கொண்டுபோனோம். ஏன் என்பதைத்தான் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானம் பார்க்கும் கம்பிகள்

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான மணல் நிலம் எங்கள் ஊர். இந்த நாட்டில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் ஊர்களில் இதுவும் ஒன்று. ஒழுங்கைக்குள் ஒழுங்கை பிரியும். ஒரு வீட்டின் தாளிப்பு வாசம் மூன்று வீட்டுக்குக் கேட்காமலே போய்ச் சேரும். வெளியூரிலிருந்து வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது, வீடுகளின் மேலே வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள்தான். "கட்டி முடிக்கக் காசில்லாமலா இப்படி விட்டிருக்கிறார்கள்?" என்று தெஹிவளையில் என் பக்கத்து வீட்டுச் சகோதரி ஒருமுறை கேட்டார்.

காசு பற்றாமல் விட்ட வீடுகளும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலானவற்றின் கதை வேறு. கீழ்வீடு மூத்தவளுக்கு. கம்பி நிற்கும் மேல்வீடு இளையவளுக்கு. அவளுக்கு மாப்பிள்ளை பேசும் காலம் வரும்போது அந்தக் கம்பியில் தூண் எழும்பும்.

கிழக்கு மாகாணத்துக் கரையோரத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். முஸ்லிம்களிடம் மட்டுமல்ல, மட்டக்களப்புத் தமிழ் மக்களிடமும் இதே வழக்கம் உண்டு. வீடு மகளின் பெயரில் எழுதப்படும். பெற்றோர் அதே வளவில் இன்னொரு பக்கம் ஒதுங்கி, அடுத்த மகளுக்குக் கல் சேர்க்கத் தொடங்குவார்கள். ஒரு தகப்பனின் ஆயுள் உழைப்பை விழுங்கிவிடும் இந்த வழக்கம் சரிதானா என்ற வாதம் ஊரில் நெடுங்காலமாக நடக்கிறது. அதை இன்னொரு நாள் பேசலாம். ஆனால் கணவன் கைவிட்டாலும், மௌத்தாகிவிட்டாலும் தலைக்கு மேல் தன் பெயரில் ஒரு கூரை இருக்கிறது என்ற தைரியத்தை அது எங்கள் பெண்களுக்குக் கொடுத்திருக்கிறது என்பதை யாரும் மறுக்க முடியாது.

காலைச் சாப்பாடு முடிந்ததும் கணவர் வீட்டுப் படத்தை விரித்தார். இரண்டு மாடி. நுழைந்ததும் பெரிய ஹோல்; அதன் நடுவே வளைந்து மேலே போகும் படிக்கட்டு. முன்வாசலுக்குத் தேக்கில் சித்திரவேலைக் கதவு. எல்லோரும் ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்:

"நாளைக்கு ஒரு கஷ்டம் வந்து மகள் இந்த வீட்டை விற்க வேண்டியிருந்தால், இதை வாங்க ஆள் வருமா?"

உம்மாவின் முகம் மாறிவிட்டது. "அல்லாஹ்வே! என்ன கத கா இது? குடிபோக முன்னயே விக்கிற கத கதைக்கிறாய். புள்ளைக்குக் குடுக்கிற வீட்ட ஆரும் விக்கிற கணக்குல கட்டுவாங்களா?"

உம்மாவின் கோபம் நியாயமானதுதான். வீடு வியாபாரப் பண்டமல்ல. ஆனால் நான் அப்படிக் கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் எங்கள் வளவின் பின்பக்கத்திலேயே இருக்கிறது.

ராத்தாவின் வீடு

எங்கள் வாப்பாவின் வளவு 32 பேர்ச். வீதிப்பக்கம் 66 அடி, உள்ளே 132 அடி. மூன்று பெண்பிள்ளைகள், மூன்று துண்டு. 1994இல் மூத்த ராத்தாவுக்குப் பின்துண்டில் வீடு எழும்பியது. நடு ராத்தாவுக்கு நடுத்துண்டு. கடைசிப் பிள்ளையான எனக்கு வீதியோரத் துண்டு. ஒவ்வொன்றும் 44 அடி ஆழம். ஏறக்குறைய பத்தரைப் பேர்ச். பின்வீட்டுக்குப் போக ஓரமாக நாலடிப் பாதை.

ராத்தாவின் வீட்டை அந்நாளில் பார்த்து வியக்காதவர்கள் இல்லை. உள்ளூர் ஓடாவி ஒருவர் மாதக்கணக்கில் செதுக்கிய முன்கதவு. ஹோலில் பதித்த பூப்போட்ட தரை. வாப்பா கடன்பட்டுக் கட்டிய வீடு அது.

2015இல் ராத்தாவின் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதென்று வைத்தியர்கள் சொன்னார்கள். வாரத்துக்கு வாரம் இரத்தச் சுத்திகரிப்பு, மருந்துச் செலவு, மச்சானின் கடையும் பூட்டியாயிற்று. வீட்டை விற்று, கடனைக் கொடுத்து, மிச்சத்தில் சிறிய வீடொன்று எடுப்போம் என்று ராத்தா முடிவெடுத்தார். நல்ல வீடு, உடனே போய்விடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

முதலில் வந்தவர் ஒழுங்கை வாசலோடு திரும்பிவிட்டார். "மகளுக்கு மாப்பிள்ளை வேன் வைத்திருக்கிறார். இதற்குள்ளே மோட்டார் சைக்கிளுக்குமேல் போகாதே" என்றார். அடுத்தவருக்கு வீடு பிடித்துவிட்டது; முற்பணம் கொடுக்கத் தயாரானார். உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டினார். அங்கே இரண்டு குறை வெளிப்பட்டது. ஒன்று, அந்த நாலடிப் பாதை உறுதியிலோ படத்திலோ இல்லை. வாப்பாவின் வாய்ச்சொல்லில் மட்டும்தான் பாதை இருந்தது. நெடுநாள் நடந்த பாதைக்கு வழக்குப் போட்டு உரிமை கேட்கலாம்தான். ஆனால் வழக்கு முடியும்வரை எந்த வாங்குபவர் காத்திருப்பார்?

இரண்டாவது குறையைச் சகோதரிகள் கவனமாக வாசிக்க வேண்டும். முஸ்லிம்களின் நன்கொடை பற்றி 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. மீளப்பெற முடியாத நன்கொடை என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தால் அன்றி, அது மீளப்பெற முடியாததாகக் கருதப்படாது. ராத்தாவின் உறுதியில் அந்த ஒரு வசனம் இல்லை. அதாவது, வாப்பா நினைத்தால் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்ற நிலையில்தான் அந்த வீடு இருபது வருடமாக ராத்தாவின் பெயரில் இருந்திருக்கிறது! வாப்பா அப்படி நினைக்கக்கூடியவரா என்பது எங்களுக்குத் தெரியும். வாங்க வருபவருக்குத் தெரியுமா?

"அதுக்கென்ன, வாப்பாவிடம் இன்னொரு கையொப்பம் வாங்கினால் போச்சு" என்றோம். ஆனால் அந்த நேரம் வாப்பா பாரிசவாதத்தில் பேச்சிழந்து படுக்கையில் கிடந்தார். நொத்தாரிசு வீட்டுக்கு வந்தார். வாப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். "இவருக்கு விளங்குகிறது என்று நான் எப்படி அத்தாட்சிப்படுத்துவது?" என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. காணி எழுத்தென்றால் 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். அவர் செய்தது தன் கடமை.

கடைசியில் 2016இல் பின்மதிலுக்கு அப்பால் இருந்தவர் வாங்கினார். அவருக்கு அடுத்த ஒழுங்கையால் பாதை இருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது காணி மட்டும்தான். உறுதியின் குறைக்கும் ஒரு தொகையைக் கழித்தார். வீட்டுக்கு ஒரு சதமும் போடவில்லை. மூன்று மாதத்தில் அதை இடித்தார். வாப்பாவின் கதவைக் கழற்றி மதிலோரம் சாய்த்து வைத்திருந்ததை ராத்தா நடு ராத்தாவின் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருடம் வாப்பா மௌத்தானார். மச்சான் அல்லாஹ்வின் உதவியால் இன்றும் சிகிச்சையோடு இருக்கிறார். அவர்கள் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

ஒரு பேர்ச்

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லாமல் விட்டால் நான் உண்மையை மறைத்தவளாவேன்.

2003இல் எனக்குக் கலியாணம் பேசினார்கள். அப்போது வாப்பா சேவயர் ஒருவரைக் கூட்டிவந்தார். "பாதையைப் பத்தடியாக்குவோம். முன்துண்டிலும் நடுத்துண்டிலும் ஆறடி ஆறடி விட்டால் பின்வீட்டுக்கு வாகனம் போகும்" என்றார். நடு ராத்தா, "சின்னவள் விட்டால் நானும் விடுகிறேன்" என்றார். நான் விடவில்லை. "எனக்கு மட்டும் ஏன் குறைய வேண்டும்?" என்று அழுதேன். கலியாண வீட்டில் பெண்ணை அழவைக்க எந்த வாப்பாவுக்கு மனம் வரும்? சேவயர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆறடி அகலம், 44 அடி நீளம்: 264 சதுர அடி. ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி. நான் விட்டுக்கொடுக்க மறுத்தது ஒரு பேர்ச்சுக்கும் குறைவு! நானும் நடு ராத்தாவும் சேர்ந்து இரண்டு பேர்ச்சுக்குள் விட்டிருந்தால் பின்னாலிருந்த பத்தரைப் பேர்ச்சுக்கும் வீட்டுக்கும் ஒரு வாசல் இருந்திருக்கும்.

அன்றிரவு இதை ராத்தாவிடம் சொல்லி அழுதேன். அவர் என் தலையைத் தடவினார். "நீ அப்ப சின்னப் புள்ள. மறுகா, பாத இரிந்தாலும் உறுதி சரியில்லாமத்தானே இரிந்திச்சி. ஒண்ட தலையில மட்டும் போட்டுக்காத" என்றார். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "இப்ப கட்டக்குள்ள நடுவிலாளுக்கு அந்தப் பாதய விட்டுக்குடு. அவளுக்கும் ரெண்டு பொம்புளப் புள்ளைகள் இரிக்கி" என்றார்.

வாங்கியவளின் கண்

இரண்டாம் நாள் கல்முனை வீதியால் மருதமுனைக்குப் போனோம். ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, பெரியகல்லாறு, பெரியநீலாவணை என்று பஸ் போக, சில இடங்களில் ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் எட்டிப் பார்க்கும். மருதமுனை கைத்தறிக்குப் பேர்போன ஊர். கணவரின் சகோதரி, என் மச்சி, அங்கேதான் இருக்கிறார். கடற்கரைப் பக்கமிருந்த அவருடைய வீடு 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலோடு போனது. அடுத்த வருடத் தொடக்கத்தில் வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்ற அறிவிப்பு வந்தது. பின்னர் அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் அவருடைய வளவுக்கு விலை என்று ஒன்றே இல்லாமற் போயிற்று. மண் இருந்தது, கட்ட அனுமதி இல்லை. கட்ட முடியாத மண்ணை யார் வாங்குவார்?

(இன்றும் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, கடலின் உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதென்றால் அனுமதி வேண்டும். கடற்கரைப் பக்கம் காணி வாங்கும் சகோதரிகள் இதை மறக்க வேண்டாம்.)

மச்சி பிறகு உள்பக்கமாக, கட்டிய வீடொன்றை வாங்கினார். நான் அவரிடம் கேட்டேன்: "பார்த்த வீடுகளில் எதை வைத்து இதை எடுத்தீர்கள்?"

மச்சி சிரித்தார். "கதவப் பாத்து எடுத்தன் எண்டு நினச்சிங்களா? முதல்ல உறுதிய வாங்கிப் பாத்தன். ரெண்டாவது, ஒரு மழை நாளாப் பாத்து வந்தன். வீதித் தண்ணி எங்க ஓடுது, கிணத்தடி எப்பிடி இரிக்கி எண்டு பாத்தன். மூணாவது குசினிக்குள்ள போய் நிண்டன். முன்னுக்கு ஆம்புள ஆக்கள் வந்திருக்கக்குள்ள நான் உள்ளால கழுவ, காயப்போட, பின்னால போக வர ஏலுமா எண்டு பாத்தன். மிச்சமெல்லாம் காசிருந்தா மாத்தலாம். இந்த மூணையும் மாத்த ஏலா."

எவ்வளவு அழகான பாடம்! அவருடைய முன்கதவு சாதாரணப் பலகைக் கதவுதான். முன்னையவர்கள் ஆசையோடு பூசிய கடும் பச்சை வர்ணத்தை மச்சி வந்த கிழமையே வெள்ளையாக்கிவிட்டாராம். நம் ரசனைக்கு வாங்குபவர் காசு தரமாட்டார். தன் ரசனைக்கு மாற்றும் செலவை நம் விலையில்தான் கழிப்பார்.

மேசன் காக்கா சொன்னவை

மூன்றாம் நாள் காலை, ராத்தாவின் வீட்டைக் கட்டிய மேசன் காக்கா வந்தார். இப்போது வயதாகிவிட்டது, மேற்பார்வை மட்டும்தான். கணவரின் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நல்ல வடிவான படம். ஆனா இது ஒரு குடும்பம் மட்டும் இரிக்கிற வீடு" என்றார். அவர் விளக்கிச் சொன்னதை என் மொழியில் தருகிறேன்.

படிக்கட்டு ஹோலுக்குள்ளே ஏறினால் மேல்வீட்டுக்குப் போகிறவர் கீழ்வீட்டுக்குள்ளால்தான் போகவேண்டும். அதைப் பிரித்து வாடகைக்குக் கொடுக்க முடியாது. இன்னொரு மகளுக்குத் தனியே எழுதுவதும் சிக்கல். வெளிப்பக்கச் சுவரோடு படிக்கட்டு வைத்தால் ஒரு வீடு இரண்டு வீடாகும். எங்கள் ஊரில் வீடு வாங்க வருபவர் பெரும்பாலும் இன்னொரு பெண்பிள்ளையின் தகப்பன். பெற்றோரும் மகளும் ஒரே கூரையின் கீழ் தனித்தனி வாசலோடு இருக்கலாமா என்பதுதான் அவர் பார்ப்பது. விற்காவிட்டாலும் மேல்வாடகை மகளின் கைச்செலவுக்கு உதவும்.

வீட்டுத் தரையின் மட்டம் அடுத்தது. வீதியைப் புதிதாகப் போடும் ஒவ்வொரு முறையும் வீதி உயர்கிறது, வீடு உயர்வதில்லை. 2011 ஜனவரி வெள்ளத்தில் தண்ணீர் புகுந்த பல வீடுகள் கட்டிய காலத்தில் வீதியைவிட மேலே இருந்தவைதான். ஆகவே இன்றைய வீதியிலிருந்து இரண்டரை அடியாவது உயர்த்தச் சொன்னார். கிறவலுக்குச் செலவாகும். ஆனால் பிறகு எந்தக் காசு கொடுத்தாலும் தரையை உயர்த்த முடியாது.

கிணறும் மலசலகூடக் குழியும் மூன்றாவது. எங்களுடையது மணல் நிலம். நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்தில் இருக்கிறது. குழித் தண்ணீர் மணலுக்குள்ளால் எளிதாக ஊறும். இரண்டுக்கும் இடையில் ஆகக்குறைந்தது 50 அடி வேண்டும் என்றார். 66 அடிக்கு 44 அடித் துண்டில் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை எதிர்மூலையிலும் வைத்தால்தான் அது சரிவரும். வீட்டைக் கீறிவிட்டு மிச்ச இடத்தில் குழியைத் தேடக்கூடாது. மதிலுக்கு அப்பால் அயலவரின் குழி எங்கே என்பதையும் கேட்டறிய வேண்டும்.

கடைசியாக அந்தக் கம்பிகள்! கடற்காற்று உப்புக்காற்று. வெறுமனே நீட்டிவிட்ட கம்பி பத்துப் பதினைந்து வருடத்தில் துருவேறி உரியும். பிறகு அதில் தூண் எழுப்புவது ஆபத்து. துரு தூணுக்குள் இறங்கினால் கொங்கிறீட்டும் வெடிக்கும். "மேல கட்டுற எண்ணமிருந்தா அத்திவாரத்த ரெண்டு மாடிக்குப் போடுங்க. கம்பிய வெளிய விட்டா சீமெந்துக் கலவையால மூடி வைங்க. கழுவாத கடல் மண்ண மட்டும் கலவைக்குள்ள விட்ராதீங்க" என்றார். கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைகளுக்குத்தான் முதற்காசு போகவேண்டும் என்பது அவருடைய தீர்ப்பு. சித்திரவேலைக் கதவு பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. ராத்தாவின் வீட்டுக் கதவுக்கு நிலை வைத்தவரும் அவர்தானே!

உம்மாவின் சொல்

அன்று பின்னேரம் நகர சபைக்குப் போய்க் கட்டட அனுமதிக்கு என்னென்ன தேவை என்று விசாரித்து வந்தோம். அனுமதி பெற்றுக் கட்டுவதோடு காரியம் முடிவதில்லை. கட்டி முடித்தபின் அனுமதிப்படியே கட்டப்பட்டிருக்கிறது என்ற இணக்கச் சான்றிதழையும் எடுக்க வேண்டும். நம்மில் பலர் குடிபுகுந்த சந்தோசத்தில் இதை மறந்துவிடுகிறோம். மதிலோடு ஒட்டிக் கட்டிய அறைக்கும், அனுமதியில்லாமல் நீட்டிய குசினிக்கும் வங்கி மதிப்பீட்டாளர் கணக்குப் போடமாட்டார்.

வீட்டுக்கு வந்து கணவர் ஒரு கோப்பு உறையில் தலைப்புகளை எழுதினார். உறுதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தின் பதிவேட்டுப் பிரதி, அனுமதி பெற்ற வீட்டுப் படம், இணக்கச் சான்றிதழ், சோலைவரிப் பற்றுச்சீட்டுகள். அதோடு நான் ஒன்று சேர்த்தேன்: சுவர் பூசுமுன் குழாயும் வயரும் போகும் இடங்களைப் பிடித்த படங்கள். பிறகு திருத்துபவருக்கும், வாங்குபவருக்கும் அது பேருதவி. வீட்டின் குறையையும் அதே கோப்பில் எழுதிவைக்க வேண்டும். விற்கும் பொருளின் குறையை மறைக்காமல் சொல்வது நமது மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கமல்லவா?

உம்மா தஸ்பீஹை உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். முதல்நாள் கோபம் இல்லை. கணவர் மெதுவாக, "மாமி, நாங்கள் விற்கப் போகவில்லை. விற்க ஏலாத வீடாக இருந்துவிடக் கூடாது என்றுதான்..." என்று தொடங்கினார்.

உம்மா அவரை முடிக்க விடவில்லை. "விளங்குது மகன். மூத்தவளுக்கு நாங்க வீட்டக் குடுத்தம். திறப்பக் குடுக்கல்ல" என்றார்.

அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் தொடரவில்லை.

சகோதரிகளே! பெண்பிள்ளைக்குக் கட்டும் வீடு அவளுக்குப் பலமாக இருக்க வேண்டும். வாழும் காலத்தில் வசிக்க, முடியாத காலத்தில் வாடகைக்குக் கொடுக்க, வேறு வழியே இல்லாத காலத்தில் தகுந்த விலைக்கு விற்க... இந்த மூன்றும் முடிந்தால்தான் அது பலம். இல்லாவிட்டால் எவ்வளவு அழகான வீடும் அவளைக் கட்டிப்போடும் கயிறாகிவிடும். விற்கும் நாளை நினைத்துப் பார்ப்பது துர்ச்சகுனமல்ல. மகளின் கஷ்ட நாளைப் பெற்றவர்கள் முன்கூட்டியே நினைத்துப் பார்ப்பதுதான் அது.

நாங்கள் திரும்புமுன் சேவயர் வந்தார். என் துண்டின் ஓரத்தில் பத்தடிப் பாதைக்கு முளை அடித்தார். நாலடி ஏற்கெனவே நடந்த பாதை, ஆறடி புதிது. நடு ராத்தாவின் வீட்டுக்கு அதை நிரந்தரப் பாதையாகப் படத்திலும் உறுதியிலும் எழுதச் சொல்லியிருக்கிறோம். இன்ஷா அல்லாஹ், மகளுக்கு எழுதும் உறுதியில் "மீளப்பெற முடியாதது" என்ற வசனத்தை நானே வாசித்துப் பார்த்த பின்புதான் கையொப்பமிடுவேன்.

முளை அடித்து முடிந்ததும் மூத்த ராத்தா வந்து அந்தப் பாதையில் உள்வரை நடந்து பார்த்தார். நடு ராத்தாவின் வீட்டோடு பாதை முடிந்தது. அதற்கப்பால் மதில். ராத்தா அங்கே சற்று நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். "இப்ப வேன் வரும்" என்றார்.